ரோடியோ வாரத்துக்கு எந்தக் கைவேலை: அஸ்தமனமா, கள்ளிச்செடியா, பேண்டானாவா?

டெக்சஸின் ஹூஸ்டனில் பிப்ரவரி முடியும்போது ரோடியோ காய்ச்சல் வந்துவிடும். ரோடியோ என்றால் முரட்டுக் குதிரை, காளை மேல் ஏறிக் காட்டும் போட்டி. 1932-ல் கால்நடைக் கண்காட்சியாகத் தொடங்கியது, இன்று ஊர்த் திருவிழா. 'கோ டெக்சன் டே' என்று ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்குத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளெல்லாம் தொப்பியும் பூட்ஸுமாகப் போய் நிற்பார்கள். அந்த வாரத்து ஓவிய வகுப்புக்கு உதவ ஆள் வேண்டும் என்று கடிதம் வரும். இரண்டு வருடமாக நான் கை தூக்கிவிட்டேன். மகள் முதல் வகுப்பில் இருந்தபோது அஸ்தமனம், இரண்டாம் வகுப்பில் பேண்டானா, அதாவது மாட்டுக்காரர்கள் கழுத்தில் கட்டும் சதுரத் துணி, தாளில் செய்தது. எனக்குப் பிடித்தது பேண்டானாதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அஸ்தமனப் படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா என்று பட்டை பட்டையாக வாட்டர் கலர். மேலே கறுப்புத் தாளில் வெட்டிய குதிரைவீரன். சுவரில் மாட்டினால் அள்ளிக்கொண்டு போகும். செலவும் குறைவு.

ஆனால் காய வேண்டுமே! வகுப்பு நாற்பது நிமிடம், பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். ஈரத்தின் மேல் கறுப்புத் தாளை ஒட்டினால் அது சுருண்டு எழும்பும். காயட்டும் என்று விட்டால் அடுத்த வாரம்தான் ஒட்ட முடியும், அதற்குள் ரோடியோ வெள்ளி போய்விடும். காயவைக்கும் தட்டு ஒன்றுதான், அதற்கும் மற்ற வகுப்புகள் வரிசையில். வளைகுடாக் காற்றின் ஈரப்பதம் வேறு. கடைசியில் நடைபாதைத் தரையில் பரப்பினோம். யாரோ ஒரு குழந்தை நான்கு அஸ்தமனங்களின் மேல் நடந்து போனது. பூட்ஸ் தடம் பதிந்தது பொருத்தமாக இருந்தது என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை.

இன்னொரு சங்கடம், ஆறு வயதுக் கைக்குக் குதிரையின் கால்களை வெட்ட வராது. நாங்களே வெட்டிக் கொடுத்தோம். சுவரில் இருபத்திரண்டு இடத்தில் ஒரே குதிரை. வெட்டச் சுலபம் என்று பக்கத்தில் கை விரித்த சகுவாரோ கள்ளி. அது அரிசோனா பக்கத்து சொனோரா பாலைவனத்துச் செடி, டெக்சஸில் இயற்கையாக வளர்வதில்லை. டெக்சஸ் 1995-ல் மாநிலச் செடியாக அறிவித்தது நம் ஊர் வேலியோரத்தில் நிற்கும் சப்பாத்திக்கள்ளியின் இனத்தை. நமக்கும் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். நீள்வட்டத்தின் மேல் நீள்வட்டம் அடுக்கினால் வந்துவிடும், குழந்தைக்கு அதுவே எளிது.

களிமண் கள்ளித்தொட்டியை வீட்டில் ஒரே ஒருமுறை செய்து பார்த்தேன். சூளை வேண்டாத களிமண்தான். அடிப்பாகம் காய மூன்று நாள் ஆனது, கள்ளியின் ஒரு கை உடைந்து விழுந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு நன்றாக வரலாம்; அவர்களோடு செய்த அனுபவம் எனக்கில்லை.

தலைக்கு இறகு கட்டும் வேலையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அமெரிக்கச் சமவெளிப் பழங்குடிகளில் அந்த இறகுக் கிரீடம் செயலால் ஈட்டும் மரியாதை, கோந்து போட்டு ஒட்டுவதற்கானதல்ல.

இப்போது பேண்டானா. காக்கி நிறக் காகித மளிகைப் பையைப் பிரித்து 16 அங்குலச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பைக்கு இரண்டு வரும், எங்களுக்குப் பதினொரு பை ஆனது. அச்சில்லாத பக்கம் மேலே. பிள்ளைகள் அதை நன்றாகக் கசக்கிப் பிரிக்கட்டும், நாலைந்து தடவை. தாள் துணி மாதிரிக் குழைந்துவிடும். அந்த ஐந்து நிமிடச் சந்தோஷத்துக்காகவே இதைச் செய்யலாம்.

பிறகு மூலைக்கு மூலை மடித்துப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் ஆயில் பேஸ்டலால் அழுத்தி வரையச் சொன்னோம். மறுபடி மடித்து முதுகில் கரண்டியால் தேய்த்தால் மறுபாதியில் மங்கலாக நகல் விழும்; அதன்மேல் வரைந்தால் சமச்சீர் தானாக வந்துவிடும். வெள்ளை, சிவப்பு, கருநீலம் எடுக்கும். மஞ்சள் காக்கியில் காணாமல் போகும். காய ஒன்றுமில்லை. அதே நாற்பது நிமிடத்தில் முடிந்து, அன்றைக்கே கழுத்தில் ஏறியது. மூலைவிட்டம் 22 அங்குலத்துக்கு மேல் வருவதால் பின்னால் டேப் ஒட்ட இடமிருந்தது.

பேண்டானாவின் ஓரத்தில் வருவது நம் புடவை மாங்காய்தான். பெயரே துணியை முடிந்து சாயம் போடுவதைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து போனது. மதுரைச் சுங்குடிக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். மந்தையின் வாலில் வருகிறவன் புழுதிக்கு மூக்கை மூட அதைக் கட்டிக்கொண்டான் என்று சொன்னதும், வகுப்பு மொத்தமும் மூக்கை மூடிக்கொண்டது.

நடுவில் அவரவர் மாட்டுச் சூட்டுக்குறி. பண்ணைக்காரர்கள் எழுத்தைப் படுக்கப் போட்டால் 'சோம்பேறி', கீழே வளைவு வைத்தால் 'ஆடும்', இறக்கை வைத்தால் 'பறக்கும்' என்று அந்தக் குறியைப் படிப்பார்கள். அப்புறம் பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. பறக்கும் ஜே, ஆடும் எம். என் மகள் 'ழ'வைப் படுக்கப் போட்டு, "சோம்பேறி ழ, அம்மா" என்றாள். இருபத்திரண்டில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

குறையும் உண்டு. சுவருக்கு அஸ்தமனம்தான் அழகு. பேண்டானா சாயங்காலத்துக்குள் கிழிந்துவிடும். ஆயில் பேஸ்டல் முழுதாகக் காய்வதே இல்லை, அடுக்கி வைத்தால் ஒன்றன் நிறம் இன்னொன்றில் ஒட்டும். நடுவில் செய்தித்தாள் வையுங்கள். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பவேண்டாம் என்று முந்தின நாளே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்தேன்.