மறுபடி வாசிப்பதா, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதா?

பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன, அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதிப் பார்ப்பது கஷ்டம். செல் பிரிதலின் நிலைகளை வரிசையாக வரையும்போது மூன்றாவதில் பேனா நின்றுவிடும். ஓட்டை எங்கே என்று அப்போதுதான் தெரியும். அந்த இடத்தை மட்டும் வேறு மையில் திருத்தி வைத்தால், அதுவே அடுத்த முறைக்கான குறிப்பு.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரத்தில் தலைகீழ்: நினைவிலிருந்து எழுதியவர்களுக்குப் பாடத்தில் சுமார் 56 சதவீதம் நினைவிருந்தது, மறுபடி வாசித்தவர்களுக்கு 42.

சரி, வாசிப்பே வேண்டாமா? புதுப் பாடத்துக்கு முதல் வாசிப்பு கட்டாயம் வேண்டும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளைக் கையில் எடுங்கள்.