மஞ்சள் கேப்ஸ்யூலா, வீட்டு ரசமா?

முழங்கால் வலிக்கு நல்லது என்று துபாயிலிருந்து வந்த தம்பி இரண்டு டப்பா மஞ்சள் கேப்ஸ்யூல் கொடுத்துவிட்டுப் போனான். மூன்று மாதம் சாப்பிட்டேன், பிறகு நிறுத்திவிட்டு வீட்டு மஞ்சளுக்கே திரும்பிவிட்டேன். நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

விலை கேப்ஸ்யூலுக்கு அதிகம், வசதியும் அதற்கே அதிகம், விரலில் கறையும் ஒட்டாது. அந்தப் பேச்சு அவ்வளவுதான்.

அளவிலும் கேப்ஸ்யூலோடு மோத முடியாது. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் பொருள் குர்குமின், கேப்ஸ்யூலில் விற்பதும் அதைத்தான். சமையல் மஞ்சளில் அது சராசரியாக 3 சதவீதம். முழு டீஸ்பூன், அதாவது 3 கிராம், தின்றாலும் 90 மில்லிகிராம்தான். எங்கள் வீட்டில் ஆளுக்குக் கால் டீஸ்பூன் போனாலே அதிகம். கேப்ஸ்யூலில் இருந்தது 500 மில்லிகிராம் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமின். கூடவே மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 5 மில்லிகிராம்.

ஆனால் விழுங்கியதெல்லாம் ரத்தத்துக்குப் போய்விடாது. குர்குமின் தண்ணீரில் கரையாத சரக்கு. குடல் சுவரைத் தாண்டுகிற கொஞ்சத்தையும் குடல் செல்களும் கல்லீரலும் பிடித்து, குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டி, வெளியேற்றுவதற்குத் தயார் செய்துவிடும். டீயில் இருப்பது, வெங்காயத்தில் இருப்பது என்று பாலிஃபீனால் எனப்படும் இந்தத் தாவரப் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு இதே கதிதான். மிச்சம் பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள பாக்டீரியா கையில் வேறு பொருளாக மாறுகிறது.

1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இதைச் சோதித்தார்கள். 2 கிராம் குர்குமின் மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் அது தென்படவே இல்லை, அல்லது மிகக் குறைவு. 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தால் 2000 சதவீதம் கூடியது. டப்பா மேல் பெரிய எழுத்தில் இருக்கும் “20 மடங்கு” இங்கிருந்து வந்ததுதான். அந்த ஏற்றம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்தது என்பதை டப்பாவில் யாரும் போடுவதில்லை.

சரி, பைப்பரின் அப்படி என்ன செய்கிறது? கல்லீரலும் குடலும் செய்கிற அந்த ஒட்டும் வேலையைத் தடுக்கிறது. நான் மாறியதற்கு ஒரு முக்கியக் காரணம் இது. காவலாளியைத் தூங்கவைத்துவிட்டு உள்ளே நுழைவது மாதிரி. அதே காவலாளிதான் நாம் சாப்பிடும் மருந்துகளையும் கவனித்துக்கொள்கிறார். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்கான ப்ரொப்ரனலால் இரண்டும் பைப்பரினோடு சேர்ந்தால் ரத்தத்தில் கூடுவதை மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். அதிகம் உறிஞ்சப்படுகிறது என்பதை நான் லாபமாகவே எண்ணியிருந்தேன்.

வருடாந்திரப் பரிசோதனையில் எனக்கு எஸ்ஜிபிடி, அதாவது கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் நொதி, 78 வந்தது, இருக்க வேண்டியதைவிட அதிகம். “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்று டாக்டர் கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன். மஞ்சளை யார் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பார்கள்? வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. நிறுத்தி ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 34. கேப்ஸ்யூல்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், அது கல்யாண சீசன், தினம் ஒரு விருந்து. ஆனால் இத்தாலியில் இப்படிக் கல்லீரல் அழற்சி வந்தவர்கள் கணிசமாக இருந்ததால், மஞ்சள் சப்ளிமென்ட்களில் எச்சரிக்கை போட வேண்டும், கல்லீரலுக்கு நல்லது என்று சொல்லக் கூடாது என்று 2022இல் அந்நாட்டு அரசே உத்தரவிட்டது. அமெரிக்காவில் பதிவான பத்துப் பேரில் ஏழு பேருக்கு ஒரே மரபணு வகை இருந்ததாம். எனக்கு அது இருக்கிறதா என்று யார் கண்டது?

நம் மிளகிலும் பைப்பரின் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நியாயமான கேள்வி. அரை கிராம் மிளகிலேயே 25 மில்லிகிராம் அளவுக்கு வரும், கேப்ஸ்யூலில் இருப்பதைவிட அதிகம். வித்தியாசம் குர்குமினில்தான். உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளில் 3 மில்லிகிராம் வரை என்று உணவுப் பாதுகாப்பு நிபுணர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். அறுபது கிலோ ஆளுக்கு 180. ஒரு கேப்ஸ்யூலே அதைப் போல இரண்டரை மடங்கு தாண்டிவிடும். ரசத்தில் அங்கே போய்ச் சேர ஆளுக்கு இரண்டு டீஸ்பூன் மஞ்சள் கொட்ட வேண்டும், அதை யார் குடிப்பார்கள்?

ரசத்தைப் பற்றி இன்னொன்று. மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் பார்த்தபோது, வேகவைத்தால் குர்குமின் 27 முதல் 53 சதவீதம் வரை போய்விடுகிறது. குக்கரில் பத்து நிமிடம் வைத்தால்தான் அதிக நஷ்டம். புளி சேர்ந்தால் நஷ்டம் 12 முதல் 30ஆகக் குறைகிறது. அதனால் இப்போது பருப்போடு குக்கரில் மஞ்சள் போடுவதில்லை, புளித்தண்ணீரில்தான் போடுகிறேன். தாளிக்கும் நெய்யும் குர்குமின் கரைய உதவும். ஒரே குறை, கடையில் விற்கும் தூளை நம்ப முடியவில்லை, நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈரோட்டு விரலி வாங்கி மில்லில் அரைத்து வைத்துக்கொள்கிறேன்.

முழங்காலா? மூட்டுத் தேய்மானத்துக்குக் கேப்ஸ்யூல் கொடுத்துப் பார்த்த சில சிறிய சோதனைகளில் வலி குறைந்திருக்கிறது. எனக்கும் அந்த மூன்று மாதம் கொஞ்சம் தேவலை போல இருந்தது. ஆனால் காலை நடையை ஆரம்பித்ததும் அதே மாதத்தில்தான். மாடிப்படி ஏறும்போது இன்னும் வலிக்கிறது.