சல்ஃபோ-என்ஹெச்எஸ்-எஸ்எஸ்-பயோட்டின்: மேற்பரப்பு ஏற்பிகளை அளக்க வாங்கலாமா?

செல்களுக்கிடையே செய்தி கடத்தும் விண்ட் புரதத்தின் சமிக்ஞைக்கு ஒரு செல் எவ்வளவு வலுவாகப் பதில் தரும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, அதன் மேற்பரப்பில் இருந்து விண்ட்டைப் பிடிக்கும் ஃபிரிசில்டு ஏற்பிகளின் அளவு. இசட்என்ஆர்எஃப்3, ஆர்என்எஃப்43 ஆகிய சவ்வு நொதிகள் ஃபிரிசில்டில் யுபிக்விட்டின் என்ற சிறு அடையாளப் புரதத்தை ஒட்டி, உள்ளே இழுத்து, சிதைக்கும் அறையான லைசோசோமுக்கு அனுப்பிவிடும். ஆர்-ஸ்பாண்டின் என்ற சுரப்புப் புரதம் வந்து எல்ஜிஆர் என்ற இன்னொரு ஏற்பியோடு இந்த நொதிகளையும் பிணைத்து அகற்றினால் மேற்பரப்பில் ஃபிரிசில்டு கூடும். 2012-இல் வெளிவந்த இந்த விவரத்தை உங்கள் செல்லில் சோதிக்க, மொத்தப் புரதத்தின் வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் பிரித்த புரதத்தை ஆன்டிபாடியால் பட்டையாகக் காணும் முறை) போதாது. செல்லுக்குள் தேங்கியிருக்கும் ஃபிரிசில்டும் அதே பட்டையில் கலந்து, மாற்றத்தை மறைத்துவிடும். மேற்பரப்பை மட்டும் பிரித்தெடுக்க, புரதங்களில் பயோட்டினை ஒட்டும் சல்ஃபோ-என்ஹெச்எஸ்-எஸ்எஸ்-பயோட்டின் என்ற இந்த வினைபொருள் அருமையான கருவி.

இதன் சல்ஃபோனேட் மின்னூட்டம் உயிருள்ள செல்லின் சவ்வைத் தாண்ட விடாது. அதனால் வெளியே நீட்டியிருக்கும் லைசின்களில் (அமீன் உள்ள அமினோ அமிலம்) மட்டுமே ஒட்டும். நடுவில் உள்ள டைசல்ஃபைடு பிணைப்பை டிடிடி என்ற ஒடுக்கி கொண்டு வெட்டலாம். இந்த வசதிக்காகவே வெட்ட முடியாத வகைகளை விட்டு இதை வாங்கச் சொல்கிறோம்.

செய்முறை எளிது, குளிர்தான் உயிர்நாடி. தட்டைப் பனிக்கட்டி மேல் வைத்து, கால்சியமும் மக்னீசியமும் கலந்த குளிர்ந்த பிபிஎஸ்-ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) மூன்று முறை கழுவுங்கள். சீரத்தின் ஆல்புமின் மிஞ்சினால் பயோட்டினை அதுவே தின்றுவிடும். அமீன் கொண்ட டிரிஸ், கிளைசின் உள்ள பஃபரும் அப்படித்தான். மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வீதம் கரைத்த உடனே ஊற்றி, 4 டிகிரியில் 30 நிமிடம் விடுங்கள். பிறகு 100 மில்லிமோலார் கிளைசினால் வினையை நிறுத்தி, செல்லை உடைத்து, பயோட்டினைப் பற்றும் நியூட்ராவிடின் மணிகளில் பிடித்து, 50 மில்லிமோலார் டிடிடியில் விடுவிக்கலாம். உடைக்கும் பஃபரில் டிடிடியோ, அதைப் போலவே பிணைப்பை வெட்டும் மெர்காப்டோ எத்தனாலோ கூடவே கூடாது. மாதிரியை 95 டிகிரியில் கொதிக்க வைக்காதீர்கள். சவ்வை ஏழு முறை கடக்கும் ஃபிரிசில்டு கட்டிதட்டி, ஜெல்லின் கிணற்றிலேயே நின்றுவிடும். 37 டிகிரியில் 30 நிமிடம் போதும்.

கட்டுப்பாட்டு மாதிரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிடிபட்ட புரதங்களில் செல்லுக்குள் இருக்கும் பீட்டா-கேட்டனின் தெரிந்ததும் செல் கசிந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். பயோட்டின் ஏறிய ஈ-கேடரின் என்ற மேற்பரப்புப் புரதம் அதைத் தன்னோடு இழுத்து வந்திருக்கும். கசிவைப் பார்க்க, செல்லுக்குள் மட்டும் இருக்கும் ஜிஏபிடிஹெச் அல்லது டியூபுலின் புரதத்தை வையுங்கள். அது தெரிந்தால் செத்த செல் அதிகம் என்று பொருள். ஹெச்இகே293 வகைச் செல்கள் தட்டிலிருந்து எளிதில் பெயர்ந்துவிடும். அதற்காகப் பாலிலைசின் பூசினால் பூச்சிலேயே ஏராளமான அமீன் இருப்பதால் அதுவும் பயோட்டினைக் குடிக்கும். மெதுவாக ஊற்றிக் கழுவுவதே நல்லது.

ஏற்பி உள்ளே போகும் வேகம் வேண்டுமென்றால், பயோட்டின் ஏற்றிய செல்லை 37 டிகிரிக்குத் திருப்பி, குறித்த நேரத்தில் பனிக்கட்டிக்கு மாற்றி, பிஹெச் 8.6 உள்ள 100 மில்லிமோலார் மெஸ்னாவால் (சவ்வைத் தாண்டாத ஒடுக்கி) மேற்பரப்புப் பயோட்டினை உரித்தெடுங்கள். மிஞ்சுவது உள்ளே போனது. சூடாக்காமலே உரித்த தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் பட்டை பளிச்சென்று தெரிந்தால் உரித்தல் போதவில்லை. மெஸ்னாவைப் புதிதாக மாற்றி மறுபடி செய்யுங்கள்.

குறை என்றால், இது தண்ணீரில் சிதைவதுதான். பிஹெச் 7-இல், 0 டிகிரியில் பாதி சிதைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும், பிஹெச் 8.6-இல், 4 டிகிரியில் 10 நிமிடமே. கரைத்து மிச்சம் வைக்கும் பேச்சே இல்லை. இன்னொன்று, வெளிப்பகுதியில் லைசின் எத்தனை என்பது ஏற்பிக்கு ஏற்பி மாறும். ஆகவே ஃபிரிசில்டையும், விண்ட்டின் இன்னொரு ஏற்பியான எல்ஆர்பி6-ஐயும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. ஒரே ஏற்பியை ஆர்-ஸ்பாண்டின் கொடுத்தும் கொடுக்காமலும்தான் ஒப்பிடலாம். ஃபிரிசில்டுக்கு நம்பகமான ஆன்டிபாடி கிடைப்பதும் அரிது என்பதால் பெரும்பாலும் ஹெச்ஏ போன்ற டேக் (ஆன்டிபாடி அறியும் சிறு அடையாளத் துண்டு) போட்ட ஏற்பியையே நாட வேண்டிவரும். வெளிப்பகுதியை அடையாளம் காணும் நல்ல ஆன்டிபாடி கையில் இருந்தால் செல்களை ஒவ்வொன்றாக ஒளிர்வால் அளக்கும் ஃபுளோ சைட்டோமெட்ரி இதைவிட வேகம்.

பெரிய புட்டி விலைக்குத் தோதாகத் தெரிந்தாலும், தலா 1 மில்லிகிராம் அடைத்த குழாய்களையே வாங்குங்கள். மைனஸ் 20-இலிருந்து எடுத்ததும் திறந்தால் ஈரம் இறங்கிவிடும். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே மூடியைத் தொட வேண்டும். முழு கிட் தேவையில்லை. மணிகளையும் டிடிடியையும் தனியாக வாங்கினால் செலவு குறையும், பஃபரும் உங்கள் விருப்பப்படி அமையும்.