பலகை விளிம்பு சீவ: படுக்கைப் பலகையா, பக்கக்கட்டையா?

மேசைத் தட்டோ, கதவோ, அலுமாரிப் பக்கமோ, பலகைகளை அகலத்துக்கு ஒட்டினால் மூட்டு நிற்பதும் பிரிவதும் விளிம்பைப் பொறுத்தது. மரக்காலையில் வாங்கும் பலகையில் இருப்பது வாள் அறுத்த விளிம்பு. அதை நேராகவும், பலகையின் முகத்துக்குச் சரியாக 90 பாகையாகவும் சீவி எடுக்க வேண்டும். மெசின் உள்ளவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. கைச்சீவுளியை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு துணைக்கருவி வேண்டும், அதை மிச்சத் துண்டுகளிலேயே செய்துகொள்ளலாம். அதில் படுக்கைப் பலகை, பக்கக்கட்டை என்று இரண்டு வகை உண்டு. கிளிநொச்சியில் என் தகரக் கொட்டிலில் இரண்டையும் செய்து பாவித்தேன். இப்போது கையில் எடுப்பது பக்கக்கட்டையைத்தான்.

முதலில் படுக்கைப் பலகை. ஓர் அடித்தட்டு, அதன் மேல் அகலம் குறைந்த ஒரு மேல்தட்டு, மேல்தட்டின் நுனியில் ஒரு தடுப்புக் கட்டை. சீவ வேண்டிய பலகை மேல்தட்டில் படுத்திருக்கும், அதன் விளிம்பு ஒரு நூல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சீவுளியைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தட்டின் மேல் தள்ள வேண்டும். அலகுக்கு வெளியே சீவுளியின் அடியில் ஓர் ஒடுங்கிய இரும்புக் கரை எஞ்சியிருக்கிறது அல்லவா, அது மேல்தட்டின் விளிம்பில் உரசி ஓடும். அதனால் அலகு மேல்தட்டை ஓரளவுக்கு மேல் தின்னாது. மேல்தட்டு நேராக இருந்தால் பலகையும் நேராக வரும். சீவுளியின் பக்கம் அதன் அடிக்குச் செங்குத்தாக இருந்தால் விளிம்பும் செங்குத்தாக வரும். அப்படி இல்லாத சீவுளிகள் நிறைய உண்டு. அலகை நெம்புகோலால் கொஞ்சம் சாய்த்துச் சரிக்கட்டலாம்.

பக்கக்கட்டை இதைவிடச் சின்னது. ஓர் அடி நீளம், இரண்டரை அங்குல உயரம், ஒன்றரை அங்குலத் தடிப்பில் ஒரு கட்டை. அதில் நீளவாக்கில் அரை அங்குல அகலத்துக்கு ஒரு படி வெட்ட வேண்டும். படிக்கு மேலே உள்ள பகுதி சீவுளியின் பக்கத்தோடு ஒட்டி நிற்கும், படி சீவுளியின் அடியில் பொருந்தும், கீழே தொங்கும் பகுதி பலகையின் முகத்தில் உரசிக்கொண்டு போகும். அலகு வாய்க்கு நேரே படியில் ஒரு காடி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அலகு கட்டையையே சீவும். கைக்கருவி செய்யும் ஸ்டான்லி நிறுவனம் ஒருகாலத்தில் 386 என்ற இலக்கத்தில் இதே வேலைக்கு இரும்பிலே ஒன்று விற்றது. நான் செய்தது முதிரையில், பழைய கதவு நிலையிலிருந்து அறுத்தெடுத்த துண்டு. எத்தனையோ வருசம் காய்ந்த மரம் இனி அதிகம் முறுகாது.

இரும்புச் சீவுளியோடு கட்டையைப் பிடித்து வைக்கக் காந்தம் போதும். பழுதான கம்பியூட்டர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் உள்ளே இருக்கும் காந்தங்கள் சின்னவை, ஆனால் அசுரப் பிடி. கட்டையில் குழி தோண்டி அரல்டைட் பசை வைத்து, மேற்பரப்புக்குச் சற்று உள்ளே இறங்கும்படி பதித்துவிடலாம். காந்தம் வேண்டாம் என்பவர்கள் சின்ன ஜி கிளாம்ப் இரண்டால் சீவுளியின் பக்கத்தோடு இறுக்கலாம், அதுவும் நன்றாகவே நிற்கும்.

பிடிக்கும் விதம் முக்கியம். இடக்கை சீவுளியின் முன் குமிழைப் பிடிக்கக் கூடாது. பெருவிரல் முன்பகுதியின் மேலே, மற்ற விரல்கள் கீழே வளைந்து கட்டையைப் பலகையின் முகத்தோடு அழுத்த வேண்டும். கட்டையின் முகத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். சரியாகப் பிடித்தால் சீவல் பலகையின் முழுத் தடிப்புக்கும் ஒரே நாடாவாக, இரண்டு கரையும் கிழியாமல் சுருண்டு வரும். ஒரு பக்கம் மட்டும் மெல்லிய தூளாக உதிர்ந்தால் விளிம்பு இன்னும் சாய்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

செங்குத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கால் பாகை பிசகினாலும் தப்பிக்க வழி உண்டு. ஒட்டப்போகும் இரண்டு பலகையில் ஒன்றை நல்ல முகம் கட்டையைத் தொடும்படியும், மற்றதை நல்ல முகம் வெளியே பார்க்கும்படியும் வைத்துச் சீவினால் ஒன்றின் பிசகை மற்றது தின்றுவிடும், தட்டு தட்டையாகவே வரும். படுக்கைப் பலகையில் ஒன்றை முகம் மேலேயும் மற்றதை முகம் கீழேயும் வைத்தால் அதே பலன். துணைக்கருவியே இல்லாமல் இரண்டு பலகையையும் புத்தகம் மூடியதுபோல் சேர்த்து இறுக்கி ஒன்றாகச் சீவுவதும் இதே கணக்குத்தான். ஆனால் ஸ்டான்லி இலக்கத்தில் நம்பர் 5 என்ற நடுத்தர நீளச் சீவுளியின் அலகு இரண்டு அங்குலம். ஒரு அங்குலப் பலகை இரண்டு என்றால் அலகு அதோடு சரி, அதற்கு மேல் தடித்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு விசயம். செய்த கருவி எவ்வளவு காலம் நேராக நிற்கிறது?

வன்னியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மரம் காய்ந்து சுருங்கும். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் மோசம். பிறகு ஐப்பசியில் மழை தொடங்கினால் மார்கழி தாண்டும்வரை ஈரம் விடாது, அதே மரம் ஊதும். மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது, அகலவாக்கில்தான் மாறும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் வளையும், முறுகும். நாலடி நீளப் படுக்கைப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தால், சுவர்ப்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரிக் காய்வதில்லை. பிளைவுட்டில் செய்தால் குறையும், ஆனால் மலிவான பிளைவுட் மாரியில் வில்லாக வளைவதை இங்கே எல்லோரும் கண்டிருக்கிறோம். நடுவில் அரை மில்லிமீற்றர் வளைந்தாலும் அந்த வளைவு அப்படியே ஒவ்வொரு பலகையிலும் பதியும். இரண்டு பலகையும் ஒரே பிசகை எடுத்துக்கொள்வதால் திருப்பி வைத்துத் தப்பிக்கவும் வழியில்லை: செங்குத்துப் பிசகு ஒன்றையொன்று தின்னும், வளைவுப் பிசகு இரட்டிப்பாகும். நடுவில் இடைவெளி, அல்லது நுனிகளில்.

அதைத் திருத்துவது இன்னும் கஷ்டம். வளைவைக் கண்டுபிடிக்கவே பலகையைவிட நீளமான, நம்பக்கூடிய ஒரு நேர்விளிம்பு வேண்டும். கண்டுபிடித்த பிறகு மேல்தட்டின் நாலடி விளிம்பைக் கையாலே மறுபடி நேராகச் சீவ வேண்டும். நாலடி விளிம்பைக் கையாலே நேராகச் சீவத் தெரிந்தவருக்குப் படுக்கைப் பலகை எதற்கு?

பக்கக்கட்டைக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேலை தொடங்க முன் மூலைமட்டத்தைப் படியில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் போதும். கீற்று வெளிச்சம் தெரிந்தால் கட்டையின் முகத்தில் இரண்டு சீவு, திரும்ப மட்டம் வைத்துப் பார்ப்பது, அவ்வளவுதான். இரண்டரை அங்குல மரம் ஒரு மாரியில் எவ்வளவு மாறிவிடும்? வேலை முடிந்ததும் லாச்சிக்குள் போட்டுவிடலாம்.

ஆனால் பக்கக்கட்டை செங்குத்தை மட்டும்தான் தரும், நேரைத் தராது. நேர் வருவது சீவுளியின் அடியின் நீளத்திலிருந்தும் கையிலிருந்தும். நம்பர் 5 இன் அடி 14 அங்குலம், நம்பர் 7 இன் அடி 22 அங்குலம், நீளக் கதவுப் பலகைக்கு 7 இருந்தால் அது பெரிய உதவி. நம்பர் 5 மட்டுமே இருந்தால் ஒரு வழி: இரண்டு நுனியையும் தொடாமல் நடுவில் மட்டும் சீவிக்கொண்டே போக வேண்டும், அலகு கடிப்பதை நிறுத்தும்வரை. அதற்குப் பிறகு முழு நீளத்துக்கும் ஒன்றிரண்டு சீவு. முழு நீளத்துக்கும் உடையாமல் சீவல் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு ஒரு பலகையின் விளிம்பின் மேல் மற்றதை நிறுத்தி, மூட்டுக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்துப் பார்க்கலாம். மயிரிழை வெளிச்சம் நடுவில் மட்டும் தெரிந்தால் கிளாம்ப் அதை மூடிவிடும். நுனியில் தெரிந்தால் மறுபடி சீவத்தான் வேண்டும்.

முதிரை, பாலை போன்ற வைரமான மரத்தில் இன்னொரு வித்தியாசமும் தெரிகிறது. முதிரையின் நார் ஒரு திசையில் போய்ப் பிறகு எதிர்த்திசையில் திரும்பும், அலகு கூர் குறைந்தால் உடனே பிடுங்கும். சீவுளி நிமிர்ந்து இருக்கும்போது உடம்பின் பாரம் அலகுக்கு மேலே இறங்குகிறது. படுக்க வைத்துத் தள்ளும்போது மணிக்கட்டு மட்டும்தான், பாலையில் கொஞ்ச நேரத்திலேயே கை சோர்ந்துவிடும். தேக்கு, மகோகனி, வேம்பு என்றால் இது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை.

படுக்கைப் பலகையை நான் எறிந்துவிடவில்லை. லாச்சிப் பக்கம், பெட்டி மூடி போன்ற அரை அங்குலத்துக்கும் குறைந்த மெல்லிய பலகைகளில் பக்கக்கட்டையோடு சீவுளியைச் சமநிலையில் வைத்திருப்பது கடினம், அதற்குப் படுக்கைப் பலகைதான் சரி. அந்த வேலைக்கு இரண்டடி நீளமே தாராளம், அந்த நீளத்தில் வளைவும் அவ்வளவு வராது. புதிதாகத் தொடங்குபவர் சின்னப் பெட்டிகள் மட்டும் செய்யப்போகிறார் என்றால் முதலில் இதையே செய்யலாம். மரச் சீவுளியில் நான் அதிகம் வேலை செய்ததில்லை. அதில் காந்தம் ஒட்டாது, பக்கக்கட்டையைத் திருகாணியால்தான் பூட்ட வேண்டியிருக்கும், அதுவும் கழற்றி மாட்டும்படி நீள்துளை விட்டு.