பழைய லெப்டொப்பில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ: காட்சி விளைவுகள் வேண்டுமா?

மட்டக்களப்பில் தனியார் வகுப்பு நடத்தும் நண்பர் ஒருவரின் பழைய லெப்டொப்பில், 4 ஜிபி நினைவகத்துக்கு விண்டோஸ் பெரும் சுமையாகிவிட்டதால், லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டொப் சூழலுடன் வரும் பதிப்பில் நிறுவினோம். சாளரங்களின் நிழல், ஒளிபுகும் தன்மை போன்ற விளைவுகளை இதில் எளிதாக நிறுத்தலாம். சாளர மேலாளருக்கான கூடுதல் அமைப்புகளைத் திறந்து, கடைசிப் பிரிவான கொம்பொசிட்டரில் (சாளரங்களை இவ்விளைவுகளுடன் ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டும் பகுதி) ஒரு பெட்டியின் அடையாளத்தை எடுத்துவிட்டால் போதும்; கணினியை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை.

நிறுத்திய பின் மெனுக்கள் சற்று விரைவாகத் திறக்கின்றன. ஆனால் பலர் சொல்லுமளவுக்குப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. நினைவகத்தை விழுங்குவது நிழல்களல்ல, பிரவுசரில் திறந்து கிடக்கும் பக்கங்களே. இழப்பு வீடியோவில்தான் தெரிகிறது. கல்லடிப் பாலத்தில் ஓடும் பஸ்ஸொன்றைப் புரொஜெக்டரில் காட்டியபோது, அதன் கூரை ஒரு விரலளவு முன்னே செல்ல, சக்கரங்கள் பின்தங்கி, நடுவே கிடைக்கோடு ஒன்று வெட்டியது. 2019இல் வெளிவந்த எக்ஸ்எஃப்சிஇ 4.14 முதல், திரையின் புதுப்பிப்புடன் படத்தை ஒத்திசைக்கும் வசதி இந்தக் கொம்பொசிட்டரிலேயே உள்ளது; கொம்பொசிட்டரை அணைத்தால் இந்த வசதியும் போய்விடுகிறது.

ஆகவே கொம்பொசிட்டரை இயங்கவிட்டு, நிழல்களை மட்டும் நீக்கியிருக்கிறோம். கணக்கு எழுதவும் வினாத்தாள் தட்டச்சு செய்யவும் மட்டுமே கணினி வைத்திருப்போர் முழுவதையும் தயங்காமல் அணைக்கலாம்.