பழைய வண்டியைக் காட்டுப் பாதைக்குத் தயார்செய்ய: எந்தக் கவசம் எங்கே எடுபடும்?

சேறு, கல், முள்கிளை, உப்புக் காற்று என்று எல்லாவற்றிலும் ஓடப்போகிற பழைய வண்டிக்கு "செராமிக் போடலாமா, பி.பி.எஃப். ஒட்டலாமா?" என்று கேட்பவர்கள் அதிகம். செராமிக் என்பது பெயின்ட்மேல் பூசி இறுகவிடும் திரவப் பூச்சு; பி.பி.எஃப். என்பது பெயின்டைக் காக்க ஒட்டும் நிறமற்ற ஃபிலிம். புது வண்டி என்றால் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ஏற்கெனவே சில ஆண்டுகள் ஓடிய வண்டியில், மேலே எதைப் போடலாம் என்பதை அடியில் மிச்சமிருக்கும் பெயின்ட்தான் முடிவு செய்கிறது. அதைப் பார்க்காமல் போடும் கவசம் சீக்கிரமே உரிந்துவிடும். இல்லையென்றால் துருவை உள்ளே வைத்து மூடிவிடும்.

முதலில் அளந்து பாருங்கள்

பெயின்ட் தடிமன் மீட்டர் ஒன்றை வாங்கவோ இரவல் பெறவோ முடிந்தால் வேலை பாதி முடிந்தது. இரும்பு, அலுமினியம் இரண்டிலும் அளக்கும் வகையாக இருக்கட்டும். பெரும்பாலான வண்டிகளில் கம்பெனி பெயின்ட் மொத்தம் 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் மேலே இருக்கும் நிறமற்ற அடுக்கான கிளியர் கோட் ஏறக்குறைய 40 மைக்ரான். பானெட்டில் 120, கூரையில் 125, ஒரு பின்கதவில் மட்டும் 240 என்று காட்டினால் அந்தக் கதவுக்கு மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள். 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. 80-க்குக் கீழே என்றால் பலமுறை காம்பவுண்ட் (தேய்ப்புப் பசை) போட்டுத் தேய்த்த இடமாக இருக்கலாம். அங்கே இனிமேல் பாலிஷ் மெஷினை வைக்காதீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுப்பது கிளியர் கோட்தான். அது மெலிந்தால் முதலில் வெளுக்கும், பிறகு பொருக்குப் பொருக்காகக் கழலும்.

அடுத்து, பானெட்டின் முன்விளிம்பில் டார்ச்சைச் சாய்த்து அடித்துக் கல்பட்ட புள்ளிகளைப் பாருங்கள். சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் (அடிப்பூச்சு) இன்னும் இருக்கிறது. பளபளவென்று தெரிந்தால் வெறும் தகடு. பழுப்பாக இருந்து, சுற்றிலும் பெயின்ட் மெல்ல உப்பியிருந்தால் துரு பக்கவாட்டில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. உப்பிய விளிம்பைப் பிளேடு நுனியால் நல்ல பெயின்ட் வரும்வரை சுரண்டி எடுங்கள். பென்சிலின் பின்முனையில் 600 நம்பர் உப்புத்தாளை ஒரு பொட்டளவு வெட்டி ஒட்டி, தகடு வெளுக்கும்வரை தேயுங்கள். குழிக்குள் மிச்சமிருக்கும் துருவுக்கு, அதை உறுதியான படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வர்ட்டரைப் பல்குத்தும் குச்சியால் ஒரு சொட்டு வைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு எபாக்ஸி பிரைமர், அதன்மேல் நிறம் இரண்டு மெல்லிய பூச்சு, கடைசியாகக் கிளியர். ஒரே தடவையில் கெட்டியாக நிரப்பினால் உள்ளே ஈரமாகவே இருந்து, காயும்போது சுருங்கிக் குழி விழும். இந்த வேலை முடியாமல் ஃபிலிமோ பூச்சோ எதுவும் வேண்டாம்.

செராமிக்கா, ஃபிலிமா?

செராமிக் பூச்சு காய்ந்த பிறகு ஒன்றிரண்டு மைக்ரான் தடிமன்தான். டி.பி.யு. (வளையும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) வகைப் பாதுகாப்பு ஃபிலிம், அதாவது பி.பி.எஃப்., 150 முதல் 200 மைக்ரான். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டாலே பல விளம்பரங்களுக்குப் பதில் கிடைத்துவிடும். டப்பாவில் போட்டிருக்கும் 9எச் என்பது பென்சில் கடினத்தன்மை அளவு. அந்தப் பென்சில் முனை கீறாது என்பதற்கு மேல் அதில் உறுதி எதுவும் இல்லை. முள்கிளை உரசினால் செராமிக் பூசிய பெயின்டிலும் கோடு விழும், கல் பட்டால் பெயின்ட் தெறிக்கும்.

அதற்காகச் செராமிக் வீண் என்று ஒதுக்கவும் முடியாது. காட்டில் ஓடும் வண்டியின் கீறல்களில் நிறையக் கீறல் விழுவது கழுவும்போதுதான். காய்ந்த சேற்றின் மணலைத் துணி இழுத்துக்கொண்டே போகும். பூச்சு இருந்தால் சேறு பிடிப்பில்லாமல் நீரோடு வழிந்துவிடும், துணி படவேண்டிய வேலை குறையும். பறவை எச்சமும் மரப்பிசினும் உள்ளே இறங்கக் கூடுதல் நேரம் எடுக்கும். ஆனால் உப்புநீரையோ கடினநீரையோ வெயிலில் அப்படியே காயவிட்டால் வெள்ளை வட்டங்கள் இதன்மேலும் ஒட்டிக்கொள்ளும்.

பழைய வண்டியில் செராமிக்கின் உண்மையான வேலை, பூசுவதற்கு முன்னால் நடப்பது. கழுவிவிட்டு அயர்ன் ரிமூவர் அடியுங்கள். பெயின்டில் குத்தி நிற்கும் இரும்புத்தூள் ஊதா நிறமாகக் கரைந்து வழியும். பிறகு வழுவழுப்புத் திரவத்தோடு, ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டியான கிளே பார். தடிமன் இடங்கொடுக்கும் பேனல்களில் மட்டும் ஒரு சுற்று மென்மையான பாலிஷ். அடியில் இருக்கும் கீறல்களைச் செராமிக் மறைக்காது, அப்படியே பூட்டி வைக்கும். பாலிஷ் எண்ணெயைத் துடைக்க நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். எண்ணெய் மிச்சமிருந்தால் பூச்சு பிடிக்காமல் சில வாரங்களில் போய்விடும். நிழலில், தகடு தொட்டால் சூடில்லாமல் இருக்கும்போது, ஒரு தடவைக்கு இரண்டடிக்கு இரண்டடி பரப்பை எடுத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பூசுங்கள். வானவில் நிறம் ஓடியதும் மைக்ரோஃபைபர் துணியால் சமப்படுத்த வேண்டும். தாமதித்தால் திட்டுத்திட்டாக இறுகிவிடும், பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். ஒரு வண்டிக்கு 30 முதல் 50 மி.லி. போதும். முதல் நாள் முழுதும் தண்ணீர் படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு கூடாது.

ஃபிலிமின் கதை வேறு. இந்த இரண்டில் கல்லடியையும் கிளைக் கீறலையும் நேருக்கு நேர் வாங்கிக்கொள்வது இது ஒன்றுதான். மேலே விழும் மெல்லிய கோடுகள் வெயிலிலோ வெந்நீரிலோ தானாக மறையும். வெட்டிக் கிழித்த காயம் மறையாது. விலைகுறைந்த பி.வி.சி. ஃபிலிம் சீக்கிரம் மஞ்சளாகி விறைத்துவிடும், அதைத் தொடவே வேண்டாம்.

பழைய வண்டியில் ஃபிலிமின் ஆபத்து, எடுக்கும்போதுதான் தெரியும். கம்பெனி பெயின்ட் பசையை விட்டுக்கொடுத்துப் பிரியும். சரியாக அடிக்காத மறுபெயின்ட் பசையோடு சேர்ந்தே உரிந்து வரும். ஆகவே 200-க்கு மேல் காட்டிய பேனலில் ஒட்டுவதற்கு முன், மறைவான ஓரத்தில் நல்ல பிசுபிசுப்புள்ள டேப்பை அழுத்தி ஒட்டிச் சடாரென்று இழுத்துப் பாருங்கள். பெயின்ட் துணுக்கு வந்தால் அந்தப் பேனலுக்கு ஃபிலிம் கிடையாது. புதிதாகப் பெயின்ட் அடித்த பேனலுக்கு ஏறக்குறைய ஒரு மாதமாவது விடுங்கள். உள்ளிருந்து கரைப்பான் வாயு வெளியேறும்போது ஃபிலிமுக்கு அடியில் குமிழ் எழும். கிளியர் கோட் ஏற்கெனவே பொரிந்த கூரையில் ஃபிலிமும் நிற்காது, நிறம் மாற்ற ஒட்டும் வினைல் தாளும் நிற்காது. அதற்கு மறுபெயின்ட் ஒன்றே வழி.

வண்டி முழுக்க ஃபிலிம் ஒட்டுவது பழைய வண்டிக்கு வீண்செலவு என்பது எங்கள் தீர்மானமான கருத்து. பானெட்டின் முன்பாதி, முன்பம்பர், ஃபெண்டர் விளிம்பு, கண்ணாடிக் கூடு, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள வளைவு, கைப்பிடிக் குழி, டிக்கி விளிம்பு ஆகிய இடங்கள் போதும். நீங்களே ஒட்டுவதானால் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில சொட்டு குழந்தை ஷாம்பு விட்ட நீரில் ஃபிலிமை மிதக்கவிட்டு நகர்த்தலாம். ஓரத்தைப் பிடிக்கவைக்க, ஆல்கஹால் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஏழெட்டுப் பங்கு கலந்து தெளியுங்கள். ஃபிலிம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஓரத்திலிருந்துதான். பேனல் விளிம்பைச் சுற்றி உள்ளே மடிக்க முடியாத இடத்தில் சேறு ஓரத்தில் தங்கி, கறுப்புக் கோடாகி, மெல்ல உள்ளே நுழையும். பிரஷர் வாஷரை ஓரத்துக்கு எதிராகச் சாய்த்து அடிக்காதீர்கள். ஓர் அடிக்குக் குறையாமல் தள்ளிப் பிடியுங்கள்.

அந்த வினைல் ரேப்பை இவற்றோடு போட்டியில் வைப்பதே அதற்குச் செய்யும் அநியாயம். 75 முதல் 100 மைக்ரான்தான், கல்லை நிறுத்தாது. கிளைக் கோடுகளைத் தன்மேல் வாங்கும், கிழிந்தால் அந்தப் பேனலை மட்டும் மாற்றலாம். நிறம் மங்கியும் பெயின்ட் உறுதியாக இருக்கும் வண்டிக்கு நல்ல வழி. பானெட்டும் கூரையும் வெயிலில் முதலில் வெளுக்கும்.

கீழ்ப்பகுதிக்குப் பெட்லைனர்

கதவுக்குக் கீழே உள்ள சில், பம்பரின் அடிப்பாகம், சக்கர வளைவு ஆகிய இடங்களில் ஃபிலிமைவிடப் பெட்லைனர்தான் (பிக்கப் வண்டியின் சரக்குத் தளத்துக்கு அடிக்கும் கெட்டிப் பூச்சு) எங்கள் தேர்வு. டயர் வாரியடிக்கும் சரளை அங்கே ஃபிலிமைத் துளைத்துவிடும். சொரசொரப்பான பாலியூரித்தேன் பூச்சு கல்லைத் தாங்கும். அடிபட்ட இடத்தைச் சொரசொரப்பாக்கி மறுபடி அடித்தால் ஒட்டுத் தெரியாது. இரண்டு பாகமாக வரும் வகையையே எடுங்கள்; பல தயாரிப்புகளில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்). ஹார்டனர் குறைந்தால் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். அரோமாட்டிக் வகை வெயிலில் வெளிறிச் சாம்பல் பூக்கும், அலிஃபாட்டிக் வகை நிறம் நிற்கும். வெளிப்புறத்துக்கு இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

பளபளப்பு ஒரு துளிகூட மிச்சமில்லாமல் 320 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தகடு தெரியும் இடத்தில் எபாக்ஸி பிரைமர். மூலைகளில் தேய்க்க மறந்த இடத்திலிருந்துதான் பூச்சு தோலாக உரியத் தொடங்கும். சில்லின் அடியில் நீர் வடியும் துளைகள் இருக்கும். அடிப்பதற்கு முன் அவற்றில் பஞ்சு உருண்டை செருகி, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மூடிப்போனால் வெளியே பூச்சு கெட்டியாக இருக்கும்போதே தகடு உள்ளிருந்து அரிக்கும். ஹார்டனரில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரணத் தூசி முகமூடி அதற்குப் போதாது. தகுந்த சுவாசக் கவசம் இல்லாதவர் இதைக் கடையில் கொடுத்துவிடுவதே நல்லது. ஒருமுறை அடித்தால் திரும்ப எடுக்க வழியில்லை என்பதால் கதவின் நடுக்கோட்டுக்கு மேலே ஏற்ற வேண்டாம்.

வண்டியின் அடிப்பரப்புக்கு மட்டும் இந்தக் கெட்டிப் பூச்சும் தார் கலந்த ரப்பர் பூச்சும் வேண்டவே வேண்டாம். பழைய சேஸிஸில் ஏதோ ஒரு மூலையில் துரு இருக்கும். தார்ப்பூச்சு விரிசல் விட்டதும் ஈரம் உள்ளே போய்ச் சிறைப்படும். லானோலின் (ஆட்டு ரோம மெழுகு) அல்லது மெழுகு வகை எண்ணெய்ப் பூச்சு ஊர்ந்து இடுக்குகளில் இறங்கும். ஆண்டுக்கொருமுறை மறுபடி அடிக்க வேண்டியிருந்தாலும் அதுவே சரி. சைலன்ஸர், பிரேக் டிஸ்க், ரப்பர் புஷ் ஆகியவற்றில் படாமல் மூடிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடியாதவருக்கு, பெயின்ட்மேல் மெழுகு போலத் தடவும் சிந்தெடிக் சீலன்ட் இருக்கிறது. நாலைந்து மாதத்துக்கொருமுறை ஒரு மணி நேர வேலை. கிளியர் கோட்டே இல்லாத மிகப் பழைய ஒற்றையடுக்குப் பெயின்டுக்கு எண்ணெய்ப் பசையுள்ள கார்னூபா வாக்ஸ்தான் (ஒருவகைப் பனையிலை மெழுகு) மற்றவற்றைவிட நன்றாகப் பொருந்தும், சில வாரங்களே நின்றாலும்.

உட்புறம்: தரையிலிருந்து தொடங்குங்கள்

சீட் கவருக்கு ஓடுவதற்கு முன் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் உள்ள மெத்தை வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைக்கும். முன்பக்கப் பயணி காலடியில் மட்டும் ஈரமென்றால் பெரும்பாலும் ஏ.சி. வடிகுழாய் அடைத்திருக்கும். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது. மழைக்குப் பின் ஈரமென்றால் வைப்பருக்குக் கீழே உள்ள வடிகால், கதவுக்குள் ஒட்டிய பிளாஸ்டிக் தாள், சன்ரூஃப் குழாய் ஆகிய மூன்றையும் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்து, சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி மின்விசிறியில் காயவைத்த பிறகே மேட்.

மேட்டில் போட்டி மூன்றுக்கு இடையே. நூடுல்ஸ் போன்ற சுருள் மேட் தூசியை மறைக்கும், சேற்றை விடாது. இந்த வேலைக்கு ஆகாது. உயர்ந்த விளிம்புள்ள வார்ப்பு ரப்பர் அல்லது டி.பி.இ. (ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்) மேட் சேற்றுநீரைத் தட்டு மாதிரி பிடித்து வைக்கும், தூக்கிக் கொட்டலாம். உங்கள் மாடலுக்கென்றே வார்த்ததாக இருக்கட்டும்; பொது அளவு மேட்டின் ஓரத்தில் நீர் வழிந்து கார்ப்பெட்டுக்குப் போகும். கார்ப்பெட்டையே எடுத்துவிட்டு வினைல் தரை போடுவது ஆறு, ஓடை கடப்பவருக்கு நல்லது. சத்தமும் சூடும் கூடும் என்பது அதன் விலை. எதுவானாலும் ஓட்டுநர் பக்கம் கொக்கியில் மாட்டியே ஆகவேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக மேட் போட்டால் நகர்ந்து ஆக்ஸிலேட்டரில் சிக்கும்.

சீட்டுக்கு கேன்வாஸ், நியோப்ரீன் (நீச்சலுடையில் வரும் செயற்கை ரப்பர்), ரெக்ஸின் என மூன்று. நீர்விளையாட்டுக்குப் போகிறவர்களுக்கு நியோப்ரீன் மென்மையாக இருக்கும், ஆனால் நனைந்தால் காய நேரம் பிடிக்கும், வெயிலில் முதுகு வியர்க்கும். ரெக்ஸின் துடைக்க எளிது. சூடேறும், தையலில் விரிசல் விடும், ஈர உடையில் வழுக்கும். பின்புறம் நீர்புகாப் பூச்சுள்ள கனத்த கேன்வாஸ்தான் முள்ளையும் கருவிப்பெட்டி உரசலையும் தாங்கும். முதல் சில மாதம் விறைப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளலாம். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் குறி இருந்தால், அந்த இடத்தில் பிரியும் தையல் உள்ள கவரைத் தவிர வேறெதையும் மாட்டாதீர்கள். அழுக்குச் சீட்டின்மேல் நீர்புகாக் கவரை மாட்டினால் அடியில் பூஞ்சை பிடிக்கும். உறிஞ்சிச் சுத்தம் செய்து முழுக்கக் காய்ந்த பின்னரே மாட்டுங்கள்.

டாஷ்போர்டுக்கு மினுமினுக்கும் சிலிக்கோன் எண்ணெய் வேண்டாம். முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும், தூசியை ஒட்டவைக்கும். நீர் சார்ந்த, பளபளப்பில்லாத வகை யு.வி. (புற ஊதா) பாதுகாப்பான் போதும். கதவு ரப்பர்களில் சிலிக்கோன் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். விறைத்துப்போன ரப்பர் வழியாகத்தான் தூசி உள்ளே வரும்.

ஓடை கடந்து உள்ளே நீர் புகுந்துவிட்டால், பல வண்டிகளில் காலடித் தகட்டில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களைக் கழற்றி வடியவிடலாம். கழுவி, காயவைத்து, அடைப்பானின் விளிம்பு கெட்டிப்பட்டிருந்தால் புதிதாக மாற்றி, சுற்றிலும் மெழுகு எண்ணெய் தடவிப் பொருத்துங்கள்.