இலக்கத் தகடு இல்லாமல் ஆறு மாதம், இருந்து இரண்டரை வருடம்: கொழும்பில் என் மின்சார ஸ்கூட்டர் அனுபவம்

2022 ஓகஸ்ட்டில் முதல் வண்டியை வாங்கினேன். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை அப்போதுதான் தொடங்கியிருந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு வேலைக்குப் போய் வர அது வெள்ளி வரைக்கும் தாங்காது. அந்த நேரத்தில்தான் சின்னச் சக்கரம் வைத்த ஒரு மின்சார வண்டி கண்ணில் பட்டது. பெடல் கிடையாது, ஓட விட்டால் 30 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாது. கடைக்காரர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "தம்பி, இது சைக்கிள் மாதிரித்தான். லைசன்ஸும் வேண்டாம், பதிவும் வேண்டாம்."

நானும் நம்பினேன். காரணம், அதற்கு முன்பே சென்னையில் இருந்து வரும் காணொளிகள் பத்துப் பன்னிரண்டு பார்த்திருந்தேன். எல்லாவற்றிலும் அதையேதான் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. இந்தியாவில் மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீற்றருக்குள்ளும் இருந்தால் அந்த வண்டியை மோட்டார் வாகனமாகவே கணக்கெடுப்பதில்லை. ஆனால் அது அங்கத்தைய சட்டம். நம்முடைய 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், வீதியில் ஓட்டுவதற்கென்று இருக்கும், இயந்திரத்தால் ஓடும் எந்த வண்டியையும் மோட்டார் வாகனம் என்றுதான் பார்க்கிறது. மோட்டார் வாகனம் என்றால் பதிவு, இலக்கத் தகடு, காப்புறுதி, சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் வேண்டும். தமிழில் சொல்கிறார்கள் என்பதற்காக அது நம்முடைய ஊர்ச் சட்டமாகிவிடாது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்லதாக இருக்கவில்லை.

2023 பெப்ரவரியில் ஒருநாள் மாலை மரைன் டிரைவில் போய்க்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் இருந்து ஒரு ஓட்டோ பார்க்காமல் வெளியே வந்தது. இடித்து விழுந்ததில் முழங்காலில் மூன்று தையல். ஓட்டோக்காரர் நல்ல மனிதர். பிழை தன்னுடையது என்று அவரே சொல்லி, என்னை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனார். சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. அவருடைய காப்புறுதி ஆள் வந்து படம் எடுத்தார், "உங்கட வாகன இலக்கம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதிய அதிகாரியும் அதையே கேட்டார். பேனாவைக் கடதாசியில் வைத்தபடி என்னைப் பார்த்தார், பிறகு அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். இடித்தது அவர்தான். ஆனாலும் பதிவில்லாத வண்டியை வீதிக்குக் கொண்டு வந்தவன் நான். வழக்கு வேண்டாம் என்று இரண்டு பக்கமும் சமாதானமாகிப் போனோம். திருத்தக் காசு என் கையால்தான்.

வேகம் குறைவென்றால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கொழும்பின் பிரதான வீதியான காலி வீதியில் 25இல் போகிறவனுக்குப் பின்னால் தனியார் பஸ் வந்தால் ஹோர்னை நிறுத்தவே மாட்டான். ஓரமாக ஒதுங்கினால் வடிகான் மூடி. அதற்குப் பயந்து நடைபாதையில் ஏற்றி ஓட்டுகிறவர்களை இப்போது நிறையவே பார்க்கிறேன். அந்த நடைபாதையில்தான் என் அம்மா ஊன்றுகோலோடு மாலையில் கோயிலுக்கு நடக்கிறார். தயவுசெய்து ஏற்றாதீர்கள். சிங்கப்பூரில், நின்றபடி ஓட்டும் சின்ன மின்சார ஸ்கூட்டரை 2019 நவம்பரிலேயே நடைபாதையில் தடை செய்துவிட்டார்கள். லண்டனில் இருக்கும் மச்சான் அப்படி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்திருக்கிறார், ஆனால் தனியார் காணிக்குள் மட்டும்தான் ஓட்டலாமாம்.

சரி, இரண்டாவது வண்டிக்கு வருகிறேன். 2023 ஏப்ரலில் பதிவுள்ள ஒரு பழைய மின்சார ஸ்கூட்டரை வாங்கினேன். இந்த முறை காசு கொடுக்கும் முன் பதிவுப் புத்தகத்தை வாங்கி, சேஸி இலக்கத்தையும் மோட்டார் இலக்கத்தையும் வண்டியில் குனிந்து பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். எரிபொருள் வகை மின்சாரம் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் என்னிடம் ஏற்கனவே இருந்தது. மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுத்தேன். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை தேவையில்லை. பெற்றோல் வண்டிக்காரர்களோடு ஒப்பிட்டால் அது ஒரு அலைச்சல் குறைவு.

இதுவரை 16 ஆயிரம் கிலோமீற்றர் ஓடியாயிற்று. 72 வோல்ட், 20 அம்பியர் மணி, ஈய அமிலப் பற்றரி ஆறு. ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்ற ஒன்றேமுக்கால் யூனிட் அளவில் போகிறது. வாங்கிய புதிதில் 45 கிலோமீற்றர் தந்தது, ஒன்றரை வருடத்தில் 28க்கு இறங்கிவிட்டது. ஆறையும் ஒன்றாக மாற்றினேன். ஒன்றை மட்டும் மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள், பழைய ஐந்தும் புதியதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் பக்கத்தில் பெரிய எதிரி கடல் காற்று. சார்ஜ் குத்தும் வாயில் பச்சை நிறத்தில் பூத்துவிடும். மாதம் ஒருமுறை துடைத்து, ரப்பர் மூடியைச் சரியாக அழுத்தி வைப்பேன். மழைக்கு வெள்ளம் நின்றால் இறங்கி விடுவேன், மோட்டார் பின் சக்கரத்துக்குள் இருப்பதால் அச்சு நனையும் அளவுக்குத் தண்ணீரில் ஓட்டுவதில்லை. இன்னொன்று, சத்தமே இல்லாத வண்டி இது. வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் ஆட்கள் சத்தத்தை நம்பித்தான் வீதியில் இறங்குகிறார்கள். அங்கே நான் 15க்கு மேல் போவதில்லை.

தொடர்மாடியில் சார்ஜ் ஏற்றுவதற்கு நிர்வாகக் குழு முதலில் சம்மதிக்கவில்லை. பொதுக் கரண்ட் என்று ஒரு அன்ரி சண்டைக்கே வந்தார். அவர் கேட்டதும் நியாயம்தான். தனி மீற்றர் பூட்டி, மாதாமாதம் யூனிட் கணக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். அதற்குப் பிறகு பேச்சில்லை. இப்போது அந்த அன்ரியின் மகனும் அதே மீற்றரில்தான் சார்ஜ் ஏற்றுகிறார்.

குறைந்த வேக வண்டிகளுக்கென்று நம் நாட்டில் தனி வகுப்பு ஒன்று வரவேண்டும் என்பது என் விருப்பம். சின்ன இலக்கம், விளக்கு, வேக எல்லை, குறைந்த கட்டணத்தில் காப்புறுதி, இவ்வளவு போதும். ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளும் முழங்கால் இயலாத வயதானவர்களும் ஏற்கனவே இதில்தான் போகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு என்னைப் போல அடிபட்டால் முறைப்பாட்டில் அந்த இடத்தில் கோடுதான் விழும்.

முதல் வண்டி இன்னும் வாகனத் தரிப்பிட மூலையில், சீலையால் மூடியபடி நிற்கிறது. நல்ல விலைக்கு இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் தன் பதினாறு வயது மகனுக்கு. கொடுக்க மனம் வரவில்லை. பற்றரியைக் கழற்றி, வீட்டில் கரண்ட் போகும் நேரத்துக்கு விளக்கெரிக்க வைத்துக்கொண்டேன்.